நோன்பும் மருந்தும்: புற்றுநோய்ச் சிகிச்சைக் காலத்தில் உணவு

(தசலக்ஷணப் பெருவிழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

குறுவைக் கதிர் களத்துக்கு வந்துகொண்டிருக்க, சம்பாவுக்கு நாற்றங்கால் தயாராகும் பருவத்தில் தசலக்ஷணப் பெருநாள்கள் வருகின்றன. கரந்தையிலும், கும்பகோணத்திலும், மன்னார்குடியிலும், தீபங்குடியிலும் சினாலயங்களில் விளக்குகள் நிறைகின்றன. ஒருவேளை மட்டும் உண்போர், நீர் மட்டும் பருகுவோர், நீரும் பருகாது நோற்போர் எனப் பலரும் தத்தம் ஆற்றலுக்கேற்ப நோன்பு ஏற்கின்றனர். அவர்களைச் சமூகம் அழைத்துப் போற்றுகிறது. போற்றத்தக்கதே.

ஆனால் இதே நாள்களில் சில இல்லங்களில் மட்டும் ஒரு கேள்வி தாழ்ந்த குரலில் எழுகிறது. அவ்வீட்டில் ஒருவர் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவருகிறார். நாற்பது ஆண்டுகளாக ஒரு நோன்பும் தவறாத தாயாக அவர் இருக்கலாம். "இந்த ஆண்டு அம்மா உபவாசம் இருக்கலாமா?" என்று பிள்ளைகள் தங்களுக்குள் கேட்டுக்கொள்கின்றனர். உணவியல் வல்லுநர் எழுதித் தந்த தாளில் முட்டை என்றிருக்கிறது. இரவு எட்டு மணிக்குப் பால் என்றிருக்கிறது. மசித்த உருளைக்கிழங்கு என்றிருக்கிறது. தாயோ அத்தாளை மடித்துத் தலையணைக்கடியில் வைத்துவிடுகிறார். மருத்துவரிடம் "எல்லாம் சாப்பிடுகிறேன்" என்கிறார். உண்மையில் அரைக்கரண்டிச் சோறும் காப்பியுமே அவர் உணவு. பிழைக்க வேண்டிய ஓர் உயிர் இவ்வாறு அறத்துக்கும் மருந்துக்கும் இடையில் அகப்பட்டு மெலிகிறது. அறமும் மருந்தும் உண்மையிலேயே பகையா என்பதை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

தமிழ்ச் சமண மரபு அறத்தையும் மருந்தையும் என்றும் பிரித்துப் பார்த்ததில்லை. கணிமேதாவியார் தம் அறநூலுக்கு ஏலாதி என்று பெயரிட்டார். ஏலம், இலவங்கம், சிறுநாவற்பூ, மிளகு, திப்பிலி, சுக்கு என்னும் ஆறு பொருள்கள் சேர்ந்த மருந்தின் பெயர் அது. காரியாசான் தம் நூலுக்கு ஐந்து வேர்களால் ஆன மருந்தின் பெயராகிய சிறுபஞ்சமூலம் என்பதைச் சூட்டினார். உடல்நோய்க்கு மருந்து எப்படியோ, உள்ளத்தின் நோய்க்கு அறம் அப்படி என்பது அவர்கள் கருத்து. இல்லறத்தார்க்கு விதிக்கப்பட்ட நால்வகைத் தானங்களில் ஆகாரதானமும் ஔடத தானமும் அடுத்தடுத்து நிற்கின்றன. திருக்குறளில் மருந்து என்னும் 95ஆம் அதிகாரம் பெரும்பகுதியும் உணவைப் பற்றியே பேசுகிறது. இறுதியில் நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என்னும் நால்வரும் சேர்ந்ததே மருத்துவம் என்று முடிகிறது. உணவு பற்றிய அறிவுரையைக் கேட்டு நடப்பதும், அருகிருப்போர் அதற்குத் துணைநிற்பதும் மருத்துவத்தின் உறுப்புகளே.

புற்றுநோய்ச் சிகிச்சையில் உணவுக்கு ஏன் இத்துணை இடம்? தமிழ்நாட்டில் இச்சிகிச்சைக்கு அடித்தளம் இட்டவர் புதுக்கோட்டையில் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி. தம் தங்கை புற்றுநோயால் மறைந்த துயரை நெஞ்சில் தாங்கிய அவர், சென்னை அடையாற்றில் 1954ஆம் ஆண்டு 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கச் செய்தார். அன்று முதல் இன்றுவரை மருந்துகள் எவ்வளவோ மாறியுள்ளன. ஆயினும் ஒன்று மாறவில்லை: எந்த மருந்தையும் தாங்க வேண்டியது நோயாளியின் உடலே.

கீமோதெரபி எனப்படும் மருந்துவழிச் சிகிச்சை, விரைந்து பெருகும் உயிரணுக்களைத் தாக்குவது. புற்றணுக்கள் விரைந்து பெருகுவன. ஆனால் வாயின் உட்தோல், குடலின் உட்படலம், எலும்பு மச்சையில் உருவாகும் குருதியணுக்கள், மயிர்க்கால் ஆகியனவும் விரைந்து பெருகுவனவே. ஆதலின் வாய் புண்ணாகிறது, குமட்டல் எழுகிறது, சுவை மாறுகிறது, வெள்ளணுக்கள் குறைகின்றன. இவ்வழிவை உடல் ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் சீர்செய்துகொள்ள வேண்டும். சீர்செய்யத் தேவையான பொருள் உணவிலிருந்துதான் வரவேண்டும்.

பல கீமோதெரபி மருந்துகளின் அளவு நோயாளியின் உயரம், எடை ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. எடை பெரிதும் குறைந்தால் கணக்கை மாற்ற வேண்டும். குருதியணுக்கள் தேறாவிடில் அடுத்த சுற்றைத் தள்ளிவைக்க வேண்டும். வாய், தொண்டைப் பகுதிக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெறுவோர்க்கு, தலை அசையாதிருக்க முகத்தின் அளவுக்கே அச்செடுத்த உறை ஒன்றைப் பொருத்துவர். ஆறு ஏழு வாரம் நடைபெறும் அச்சிகிச்சையில் நோயாளி மிகவும் மெலிந்துவிட்டால் உறை தளர்ந்துபோகும். கதிர் விழவேண்டிய இடம் பிறழாதிருக்க எல்லா அளவுகளையும் மறுபடி எடுக்க நேரும். வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கத்தால் வாய்ப்புற்று நேர்ந்த எளிய மக்கள் பலரைக் கொண்ட இந்நாட்டில், இது அன்றாடம் காணும் நிகழ்ச்சி.

காவிரிப்படுகையின் உழவர்க்கு இது விளங்காத செய்தியன்று. நாற்றைப் பறித்து நட்டவுடன் பயிர் சில நாள் வெளிறிச் சோர்ந்து நிற்கும். வேர் பிடிக்கும் வரை அதற்கு ஆறுதல் வேண்டும். அந்நாள்களில் பயிரை உறுதிப்படுத்தப் போகிறேன் என்று வயலை எவரும் காயவிடுவதில்லை.

இனி, அறத்தின் பக்கம் நின்று பார்ப்போம். சிகிச்சைக்காக நோன்பை நிறுத்துவது அறக்குறைவு ஆகாதா என்னும் ஐயத்துக்கு விடைதரும் வரலாறு சமண மரபிலேயே இருக்கிறது. காஞ்சியோடு தொடர்புடையவராகப் போற்றப்படும் ஆசாரியர் சமந்தபத்திரரின் வரலாறு அது.

பெருந்துறவியாகிய அவரைப் பஸ்மக வியாதி பற்றியது. உண்டதெல்லாம் நொடியில் எரிந்துபோக, அடங்காப் பசி வருத்தும் நோய் அது. துறவியின் விதிப்படி ஒருநாளில் ஒருமுறை, கையில் ஏற்கும் அளவான உணவால் அந்நோய் தீராது. விதியை மீறவும் மனமில்லை. நோயைத் தாங்கவும் உடலில்லை. ஆதலின் சல்லேகனை ஏற்று உயிர்விட இசைவு வேண்டித் தம் குருவிடம் சென்றார். குரு இசையவில்லை. நீ இன்னும் நெடுநாள் வாழ்ந்து அறத்துக்குப் பணிசெய்ய வேண்டியவன். துறவுக்கோலத்தை இப்போது விலக்கிவை. நோய் தீரும்வரை வேண்டுமளவு உண். நோய் தீர்ந்தபின் மீண்டும் தீக்கை பெறுக என்பது அவர் கட்டளையின் கருத்து. சமந்தபத்திரர் பணிந்தார். வேற்றுக்கோலம் பூண்டு, கோயிலொன்றில் படைக்கப்பட்ட பெரும் உணவை நாள்தோறும் உண்டு, நோய் நீங்கி, மீண்டும் துறவேற்றார் என்று மரபு கூறும். அவர் வாக்கின் ஆற்றலால் சந்திரப்பிரப தீர்த்தங்கரரின் திருவுருவம் வெளிப்பட்டது என்பதும் அவ்வரலாற்றின் பகுதி. பஸ்மக நோயை அவர் வென்ற செய்தி, சிரவணபெளகொளாவில் உள்ள 12ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டிலும் இடம்பெற்றிருக்கிறது.

இவ்வரலாற்றில் கருதத்தக்கது ஒன்றுண்டு. குரு விரதத்தை இகழவில்லை. விரதத்தை எப்போது நிறுத்திவைக்க வேண்டும் என்பதை அறிந்திருந்தார். சீடரும் தம் மனம்போன போக்கில் விரதத்தைக் கைவிடவில்லை. அறிந்தவர் சொல்லக் கேட்டு நிறுத்தினார், அறிந்தவர் சொல்லக் கேட்டு மீண்டும் தொடங்கினார். முற்றத் துறந்த முனிவர்க்கே இது பொருந்துமாயின், இல்லறத்தில் வாழும் ஒரு தாய்க்குப் பொருந்தாதா?

அச்சமந்தபத்திரர் இயற்றியதே இரத்தினகரண்டக சிராவகாசாரம். தமிழில் அதன் வழிநூலாக அருங்கலச்செப்பு விளங்குகிறது. சல்லேகனைக்கு உரிய சூழ்நிலைகளை அவ்வடமொழி நூல் எண்ணும்போது, நீக்கமுடியாத இடையூறு, பஞ்சம், மூப்பு, நோய் என்பவற்றைச் சொல்லி, அவை மாற்று இல்லாதனவாக இருக்க வேண்டும் என்று வரையறுக்கிறது. மாற்று உள்ள நோய் அவ்வரையறைக்குள் வாராது. இன்று பல புற்றுநோய்களுக்கு மாற்று உண்டு. முழுமையாகத் தீர்க்கக்கூடியன பல; நெடுங்காலம் அடக்கிவைக்கக்கூடியன பல. சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது என்பதன் பொருளே மாற்று இருக்கிறது என்பதுதான்.

இதனை அழுத்திச் சொல்ல வேண்டியதற்குக் காரணம் உண்டு. நோயாளி உணவை ஒதுக்கும்போது, "அம்மாவுக்கு ஆசை விட்டுப்போயிற்று, வைராக்கியம் வந்துவிட்டது" என்று வீட்டார் மதித்துப் பேசுவதுண்டு. நோன்பு என்பது பசி இருக்கும்போதே தெளிந்த மனத்தோடு உணவை விலக்குவது. பசியின்மையோ நோயின் குறி. புற்றுநோய் உடலில் உண்டாக்கும் அழற்சியால் பசி மங்கும்; தசை கரையும். வாய்ப்புண் வலிக்கும், தாளிப்பு வாசனையே குமட்டும், மலச்சிக்கலால் வயிறு உப்பும், மனச்சோர்வு கவியும். "என்னால் பிள்ளைகளுக்குச் செலவு" என்னும் சொல்லாத வேதனையும் தொண்டையை அடைக்கும். இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு மருத்துவரிடம் மருந்து உண்டு. குறியை விரதம் என்று தவறாக மதித்தால் அம்மருந்து கிட்டாமலே போகும்.

அறநெறி வாழ்வும் மருத்துவமனையின் அறிவுரையும் பெரும்பாலான இடங்களில் ஒன்றியே செல்கின்றன என்பது மகிழ்ச்சிக்குரியது. கீமோதெரபி தொடங்கி ஏறத்தாழ ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை பல மருந்துகளில் வெள்ளணுக்கள் மிகவும் தாழ்ந்திருக்கும். அப்போது சிறு கிருமியும் பெருந்தீங்கு செய்யும். ஆதலின் மருத்துவர் சொல்வன: கொதித்தாறிய நீரையே பருகுக, அன்றன்று சமைத்ததைச் சூடாக உண்க, நேற்றைய மீதியைத் தவிர்க்க, காய்ச்சாத பாலும் கடைத்தெருப் பண்டமும் வேண்டா, பழத்தை நன்கு கழுவித் தோலுரித்து உண்க. நீரை வடிகட்டிக் காய்ச்சிப் பருகுதல், பழைய உணவை விலக்குதல், காயைப் பூச்சி பார்த்து நறுக்குதல் என்பன சமண இல்லங்களில் அன்றாட ஒழுக்கம். நஞ்சை நாட்டின் பழைய சோறு உழைப்பவர்க்கு நல்லதாயினும், வெள்ளணு குறைந்த நாள்களில் ஆகாது. விழாவில் பொதுப் பாத்திரத்திலிருந்து வழங்கும் பிரசாதத்தையும் அந்நாள்களில் கண்ணில் ஒற்றிக்கொண்டு வீட்டாரிடம் கொடுத்துவிடலாம். காய்ச்சல் 100.4 பாரன்ஹீட்டை எட்டினால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனை செல்ல வேண்டும்.

முரண்படும் இடங்கள் சிலவே. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது உபவாசம். சிஸ்பிளாட்டின் என்னும் மருந்து சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியது. அதனால்தான் அதனைச் செலுத்தும்போது சிரைவழியே மிகுதியான உப்புநீரும் ஏற்றுகின்றனர். வீடு சென்றபின்னும் நிறைய நீர் பருகச் சொல்கின்றனர். அம்மருந்து பெற்ற வாரத்தில் நீரும் பருகாத நோன்பு நோற்பது சிறுநீரகத்தைப் பணயம் வைப்பதாகும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருப்பின் தீங்கு இன்னும் மிகும். கீமோதெரபியை ஒட்டிக் குறுகிய காலம் உண்ணாதிருப்பது பற்றி உலகில் ஆய்வுகள் நடக்கின்றன. அவை மருத்துவர் மேற்பார்வையில் தேர்ந்தெடுத்த நோயாளிகளிடம் நடப்பன. வீட்டில் தாமாகப் பின்பற்றுதற்கு உரியன அல்ல.

இரண்டாவது, ஞாயிறு மறைந்தபின் உண்ணாமை. கேப்பசிட்டபின் என்னும் மாத்திரை குடல், மார்பகப் புற்றுநோய்களுக்குப் பலருக்கும் தரப்படுகிறது. நாளைக்கு இருவேளை, ஏறத்தாழ 12 மணி நேர இடைவெளியில், உணவு முடிந்து அரைமணிக்குள் நீரோடு விழுங்க வேண்டியது அது. இரவுணவு இல்லாதவர் வெறும் வயிற்றில் அதனை விழுங்குவதும், மாலை மாத்திரையையே விட்டுவிடுவதும் தவறு. இங்கே இந்நாட்டின் இயற்கை துணைநிற்கிறது. தஞ்சைப் பகுதியில் ஞாயிறு கார்த்திகையில் மாலை 5.50-ஐ ஒட்டியும், ஆனி ஆடியில் 6.40-ஐ ஒட்டியும் மறைகிறது. ஆண்டு முழுவதும் பகற்பொழுது ஏறத்தாழ பன்னிரண்டு மணிக்கு அருகிலேயே நிற்கிறது. காலை ஞாயிறு எழுந்தவுடன் ஓர் உணவும், மாலை மறையுமுன் ஓர் உணவும் என வைத்துக்கொண்டால் மாத்திரை நேரமும் நோன்பு நேரமும் இணைய இடமுண்டு. "எங்கள் வழக்கம் இது, மாத்திரை நேரத்தை இப்படி அமைத்துக்கொள்ளலாமா?" என்று மருத்துவரைக் கேட்டால் பெரும்பாலும் வழி பிறக்கும். கேளாமல் தாமே மாற்றிக்கொள்வதுதான் ஆகாது. வேறு சில மாத்திரைகள் வெறும் வயிற்றிலேயே விழுங்க வேண்டியவை. ஒன்றின் விதி மற்றொன்றுக்குப் பொருந்தாது.

இரவிலும் உணவு தந்தே ஆகவேண்டும் என்று மருத்துவர் உறுதியாகச் சொன்னால்? சுவேதாம்பர மரபில் நோன்பேற்கும்போது சொல்லும் பச்சக்கான் உறுதிமொழியிலேயே விலக்குகள் சேர்க்கப்பட்டுள்ளன. கடும் நோயில் மனத்தின் அமைதி குலையாது காத்தற்பொருட்டு மருந்து முதலியவற்றை ஏற்பதும் அவற்றுள் ஒன்று. திகம்பர மரபுக்குச் சமந்தபத்திரர் வரலாறே சான்று. விதி செய்தவர்கள் நோயாளியை மறந்துவிடவில்லை.

மூன்றாவது, புரதம். உணவியல் வல்லுநர் முட்டை எழுதுவதன் நோக்கம் முட்டையன்று, புரதம். சிகிச்சையில் உள்ளோர்க்கு உடலெடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளைக்கு 25 முதல் 30 கலோரி ஆற்றலும், 1 கிராமுக்குக் குறையாமல், இயலுமாயின் 1.5 கிராம் வரை புரதமும் வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். 55 கிலோ எடையுள்ள ஒருவர்க்குக் குறைந்தது 55 கிராம் புரதம், 1,375 முதல் 1,650 கலோரி. இதனை இந்நாட்டு விளைபொருள்களே தரமுடியும். 200 கிராம் அரிசியில் ஏறத்தாழ 15 கிராம். உளுந்தும் பாசிப்பயறுமாக 80 கிராம் பருப்பில் 19 கிராம். பாலும் தயிருமாக முக்கால் லிட்டரில் 24 கிராம். 50 கிராம் பன்னீரில் 9 கிராம். கூட்டினால் 67 கிராம் புரதம். இரண்டு தேக்கரண்டி நெய்யும் சேர்ந்தால் ஆற்றலும் ஏறத்தாழ 1,650 கலோரியை எட்டும். முட்டை இன்றியே கணக்கு நிறைகிறது. நீரிழிவோ சிறுநீரக நோயோ உள்ளோர்க்கு இவ்வளவுகள் மாறும். அதனை மருத்துவமனையில் கேட்டே வகுக்க வேண்டும்.

அரிசிப் புரதத்தில் குறைவதைப் பருப்பு ஈடுசெய்கிறது. பருப்பில் குறைவதை அரிசி ஈடுசெய்கிறது. சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னதாக, நிற்கும் பயிரினூடே உளுந்தையும் பயற்றையும் தெளிப்பது இவ்வட்டாரத்து வழக்கம். ஆடுதுறையில் 1922-இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் நெல்லோடு, நெல் தரிசுக்கேற்ற உளுந்து, பயறு வகைகளையும் நாட்டுக்கு அளித்தது. ஒரே வயலில் அடுத்தடுத்து விளையும் இவ்விரண்டும் ஒரே இலையில் சேரும்போது நோயாளிக்கு வேண்டிய புரதம் முழுமையாகிறது.

நான்காவது, கிழங்கு, வெங்காயம், பூண்டு. இவற்றை உண்டே தீரவேண்டிய சிகிச்சை எதுவும் இல்லை. உருளைக்கிழங்கு மென்மைக்காகவே சொல்லப்படுகிறது. அவ்விடத்தில் குழைய வெந்த பரங்கி, சுரை, பீர்க்கு, வாழைக்காய் போதும்.

சமையலறை செய்யவேண்டுவன பெரிய செயல்கள் அல்ல. மூன்று வேளை நிறைய என்பதை விட்டு, ஆறு வேளை சிறிது சிறிதாகத் தருதல் நன்று. ஞாயிறு மறையுமுன் முடிக்க விரும்புவோர் இரண்டு மணிக்கொரு முறை தரலாம். குமட்டல் உள்ளவர்க்குச் சூடான உணவைவிட ஆறிய உணவின் மணம் குறைவு. தாளிக்கும்போது அவரைத் திண்ணைக்கு அனுப்பிவிடலாம். வாய்ப்புண் உள்ளவர்க்கு மிளகாய், புளி, எலுமிச்சை நீக்கி, வெதுவெதுப்பான பருப்புக்குழையல், நெய் சேர்த்த பயற்றங்கஞ்சி, உளுந்தங்கஞ்சி, பாலில் ஊறிய இடியாப்பம் ஆகியன தரலாம். சிறிதளவு உப்பும் சமையல் சோடாவும் கரைத்த நீரால் கொப்பளிப்பது வாயைக் காக்கும். வயிற்றுப்போக்கில் உப்பு சர்க்கரைக் கரைசலும், குழைந்த சோறும், வாழைப்பழமும் துணை. உணவுக்கு முன்பே வயிறு நிறையக் காப்பி பருகினால் பசி அடங்கிப்போகும். கும்பகோணத்துக் காப்பியே ஆயினும் அது உணவுக்குப் பின் இருக்கட்டும். மன்னார்குடியிலிருந்தோ திருவாரூர்ப் பக்கத்திலிருந்தோ விடியலில் புறப்பட்டுத் தஞ்சை மருத்துவமனை வருவோர், முதலில் குருதிச் சோதனை, பிறகு மருந்து ஏற்றல் என்று மாலைவரை அங்கே இருக்க நேரும். அன்று பசியோடு உட்கார்ந்திராமல், வீட்டில் வடித்த சோறும் கொதித்தாறிய நீரும் கையோடு கொண்டு செல்ல வேண்டும்.

விழுங்கவே இயலாதபோது மூக்குவழிக் குழாய் பொருத்துவர். அதனைக் கண்டு அஞ்சுவோரும் வெட்குவோரும் பலர். வடிகட்டிய கஞ்சியும் பாலும் பருப்புநீரும் செல்லும் மற்றொரு வழி அது, அவ்வளவே. வாய் ஆறியபின் பெரும்பாலானோர்க்கு அது எடுக்கப்படும்.

உண்மையான உணவைவிட வதந்தி விரைந்து வீடுதேடி வருகிறது. சர்க்கரை புற்றணுவுக்கு உணவு. ஆதலால் சோற்றை நிறுத்தினால் புற்று பட்டினியால் சாகும் என்பது ஒன்று. உடலின் எல்லா அணுக்களும் குளுக்கோசை உண்பனவே. சோற்றை நிறுத்தினால் உடல் தன் தசையைக் கரைத்துக் குளுக்கோசு உண்டாக்கிக்கொள்ளும். பட்டினி கிடப்பது நோயாளி, புற்று அன்று. முள் சீத்தாப்பழமும் அதன் இலைக்கஷாயமும் கீமோதெரபியை வெல்லும் என்பது மற்றொன்று; மனிதரிடம் நடந்த முறையான ஆய்வுகளால் இது நிலைநாட்டப்படவில்லை. குழம்பில் இடும் மஞ்சளும், சிட்டிகைச் சுக்கும் உணவு. அவற்றின் சாரத்தை அடர்த்தியாக்கிய மாத்திரைகளோ மருந்தோடு மோதக்கூடும். எதை உட்கொண்டாலும் மருத்துவரிடம் மறையாது சொல்ல வேண்டும். தசலக்ஷணத்தின் மூன்றாம் அறமாகிய ஆர்ஜவம் என்பது ஒளிவுமறைவு இல்லாமையன்றோ? அது மருத்துவரின் அறைக்குள்ளும் அறமே.

நலம் விசாரிக்க வருவோர்க்கும் ஒரு வேண்டுகோள். இனிப்புப் பெட்டியோடு ஓர் அறிவுரையையும் எடுத்துவருவது வழக்கமாகிவிட்டது. பத்துப் பேர் பத்து விதமாகச் சொன்னால் நோயாளி எதையும் உண்ணாது விடுவார். "மருத்துவர் என்ன சொன்னார்? நாங்கள் எதைச் சமைத்துத் தரட்டும்?" என்று கேட்பதே உதவி.

தவம் பன்னிரு வகை என்பர். உண்ணாமை, குறைய உண்ணல், சுவை துறத்தல் முதலிய ஆறும் புறத்தவம். கழுவாய், பணிவு, வையாவிருத்தியம், நூலோதுதல், பற்றுவிடல், தியானம் ஆகிய ஆறும் அகத்தவம். இவ்வகத்தவம் ஆறனுள் ஒன்றுக்கும் பட்டினி தேவையில்லை. ஆதலால் இவ்விழாவில் உண்ணாநோன்பு ஏற்க இயலாத தாய் தவத்திலிருந்து விலக்கப்பட்டவர் அல்லர். குமட்டலை வென்று விழுங்கும் ஒவ்வொரு கவளமும், அமைதியோடு ஓதும் ஒவ்வொரு நவகாரமும் அவர் நோன்பாகும். நோயுற்றோர்க்குத் தொண்டு செய்வதாகிய வையாவிருத்தியம் வீட்டார்க்கு உரிய தவம். இரண்டு மணிக்கொரு முறை கிண்ணத்தில் கஞ்சி ஏந்தி நிற்கும் மகனும் மருமகளும் நோன்பிகளே. நோன்பு நோற்றோரை மேடையில் போற்றும்போது அவர்களையும் நினைத்தல் வேண்டும்.

அறக்கட்டளையும் இதில் செய்யத்தக்கது உண்டு. சிகிச்சைக்காகத் தஞ்சைக்கு வருவோர்க்கு, சமய வேறுபாடு பாராது, பருப்புச் சோறும் தயிர்ச்சோறும் அன்றே சமைத்து அளித்தால், ஆகாரதானமும் ஔடத தானமும் ஒரே பாத்திரத்தில் நிறைவேறும். ஒரு குடும்பம் வாரம் ஒருநாள் ஏற்றுக்கொண்டாலும் போதுமானது.

முதல் தீர்த்தங்கரராகிய ரிஷபதேவர் ஓராண்டுக் காலம் உணவின்றி இருந்தபின், சிரேயாம்ச மன்னர் அளித்த கரும்புச்சாற்றை ஏற்றுப் பாரணை செய்த நாளே அட்சய திருதியை. அந்நோன்பைப் போலவே அப்பாரணையும் புனித நாளாயிற்று. அளித்த மன்னரும் புகழ்பெற்றார். சிகிச்சையில் உள்ளோர்க்கு இது பாரணையின் காலம். அவர்கள் மருத்துவர் சொற்படி உண்டு, உடல் தேறி, வரும் ஆண்டுகளின் தசலக்ஷண நாள்களில் தாம் விரும்பிய நோன்பைத் தாமே ஏற்கும் நலம் பெறுக. வாழ்க அறம்! வளர்க உயிர்களிடத்து அன்பு!